‘ஆம்’ உதிரும் இடம்: தோட்டப்புற நகரத்தில் எந்த இணையத் தளங்களைக் குறித்து வைப்பது?

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்து விழும் செய்திகளில் பாதி ‘ஆம்’ என்றே முடிகின்றன. குலை விலை ஏறிடுச்சாம். ஆத்துத் தண்ணி கரையைத் தொட்டுடுச்சாம். டன் கணக்குக்கு வேலை செய்யுறவங்களுக்குக் குறைந்தபட்ச சம்பளம் கிடையாதாம். அந்த ஓர் ஒட்டைச் சேர்த்துவிட்டால் சொன்னவருக்குப் பொறுப்பு இல்லை, கேட்டவருக்கு உறுதி இல்லை. ஒரு தளத்தைக் கைப்பேசியில் குறித்து வைக்கலாமா வேண்டாமா என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அதைத் திறந்து பார்த்தால் இந்த ‘ஆம்’ உதிர்ந்துபோக வேண்டும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். ரப்பரும் செம்பனையும், பக்கத்தில் ஓடும் சுங்கை பிளுஸ், தமிழ்ப்பள்ளி, தோட்டத்திலிருந்து தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்த குடும்பங்கள். பீடோரிலோ பகாவிலோ இருப்பவர்களுக்கும் ஆற்றின் பெயர் மட்டும்தான் மாறும்.

செம்பனைக் குலை விலையில் தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் குழம்புவது அங்கேதான். செய்தித் தளங்களில் “செம்பனை எண்ணெய் டன்னுக்கு இத்தனை ரிங்கிட்” என்று வரும் எண் பெரும்பாலும் புர்சா மலேசியா பங்குச் சந்தையின் முன்பேர விலை, அதாவது பின்னால் தரப்போகும் எண்ணெய்க்கு இன்றே பேசும் விலை. அதிலும் மூன்றாம் மாத ஒப்பந்தத்தின் விலை, ஒப்பந்தம் ஒன்றுக்கு 25 டன் எண்ணெய். இன்று காலையில் லாரியில் ஏறிய குலைக்கு மில் தரும் விலை அதுவல்ல. முன்பேர விலை 100 ரிங்கிட் ஏறியது என்று படித்துவிட்டு, நம் விலை ஏன் ஏறவில்லை என்று பழம் வாங்குபவரிடம் சண்டைக்குப் போவது இந்தக் குழப்பத்தால்தான்.

சிறுதோட்டக்காரர் குறித்து வைக்க வேண்டியது எம்பிஓபியின் விலைப் பக்கம். இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து 2000 மே 1-இல் அமைந்த மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்தான் எம்பிஓபி. அதில் பழக்குலைக்கான மேற்கோள் விலை வட்டாரம் வட்டாரமாக வெளியாகிறது: வடக்கு, நடு, தெற்கு, கிழக்குக் கரை, சபா, சரவாக். உங்கள் குலை போகும் மில் எந்த வட்டாரத்தில் சேர்கிறது என்பதை ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும். முதன்முதலில் பார்ப்பவர்கள் மலைத்துப்போவது அங்கே தெரியும் எண்ணின் சிறுமையைக் கண்டுதான். 42 ரிங்கிட் என்று போட்டிருக்கும். அது ஒரு டன் குலையின் விலை அல்ல. குலையில் ஒரு விழுக்காடு எண்ணெய் பிழிந்தால் டன்னுக்கு என்ன விலையோ அது. மில் உங்கள் பழத்துக்கு 20 விழுக்காடு என்று தரம் போட்டால் 42-ஐ 20-ஆல் பெருக்க வேண்டும்: டன்னுக்கு 840 ரிங்கிட். 19 என்று போட்டால் 798. ஒரே ஒரு விழுக்காடு குறைந்ததற்கு டன்னுக்கு 42 ரிங்கிட் போகிறது. மூன்று டன் லாரிக்கு 126 ரிங்கிட். (42 என்பது கணக்குக் காட்ட எடுத்த எண். அன்றைய விலையை அங்கேயே பாருங்கள்.)

அந்த விழுக்காடு ஏன் குறைகிறது என்பதற்கும் எம்பிஓபியின் தரம்பிரிப்புக் கையேட்டில் விடை உண்டு. காய்க்குலை, அழுகல் குலை, ஈரக் குலை, 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட காம்பு: இவை ஒவ்வொன்றுக்கும் வெட்டு. ஆகவே விலைப் பக்கத்தோடு ரசீதையும் வைத்துப் பாருங்கள். ரசீதில் விழுக்காடு எழுதாமல் மொத்த விலை மட்டும் எழுதியிருந்தால் ஒப்பிட வழியே இல்லை. முதலில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். நடுவில் ஒரு வியாபாரி வாங்கி மில்லுக்கு அனுப்பினால் அவருடைய லாரிக் கூலியும் கமிஷனும் கழியும். எம்பிஓபி விலை அப்படியே கைக்கு வராது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரப்பருக்கு இதே வேலையைச் செய்வது மலேசிய ரப்பர் வாரியத்தின் தளம். செய்திகளில் வரும் எஸ்எம்ஆர் 20 விலை, பதப்படுத்திக் கட்டியாக்கிய உலர்ந்த ரப்பருக்கு, கிலோவுக்கு இத்தனை சென் என்பது. மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) உறைந்த கட்டிப்பாலில் தண்ணீரும் இருக்கிறது. 10 கிலோ கட்டிப்பாலில் உலர் ரப்பர் பாதி என்றால் கையில் இருப்பது 5 கிலோதான். எஸ்எம்ஆர் விலையை 10-ஆல் பெருக்கி மனக்கோட்டை கட்டினால் கடைத்தட்டில் நொந்துபோவோம். இரண்டு பயிரும் வைத்திருப்பவர் இரண்டு வாரியங்களையும் குறித்து வைக்கட்டும். தோட்டம் இல்லாத வீட்டுக்கு இரண்டும் தேவையில்லை. செய்தியில் வருவதே போதும்.

அடுத்து மழை. இங்கே போட்டி வானிலை ஆய்வுத் துறைக்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் தளத்துக்கும். இரண்டும் அரசாங்கத் தளங்கள், இரண்டும் நம்பகமானவை. ஆனால் ஒன்று வானத்தைப் பார்க்கிறது, மற்றது ஆற்றைப் பார்க்கிறது. நாளைக் காலையில் பால் வெட்டப் போகலாமா, துணி காயுமா என்று கேட்பவருக்கு வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலி போதும். தாழ்வான இடத்தில் குடியிருப்பவருக்கு அது போதாது. வீட்டுக்கு மேலே சொட்டு மழைகூட இல்லாத இரவிலும் மேற்பக்கத்துக் காட்டில் பெய்த மழை ஆற்றை ஏற்றிவிடும்.

இன்ஃபோபஞ்சிரில் மாநிலம் பேராக், மாவட்டம் கோலகங்சார் என்று போய் நீர்மட்டப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வோர் அளவிடும் நிலையத்துக்கும் ஒரு வரி வரும். இப்போதைய மட்டம் மீட்டரில் இருக்கும். பக்கத்திலேயே நான்கு எல்லைகள்: நோர்மல் (வழக்கநிலை), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து). மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கடைசியாகப் புதுப்பித்த நேரம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதுதான் உயிர்நாடி. கருவி பழுதாகியோ தொடர்பு அறுந்தோ நின்றுபோனால் பழைய எண்ணே பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும். நேரம் மூன்று மணி நேரத்துக்கு முந்தையது என்றால் அந்த வரியை நம்ப வேண்டாம். ஆற்றில் மேலே உள்ள அடுத்த நிலையத்தைப் பாருங்கள். ஒரே எண்ணைப் பார்ப்பதைவிட அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால், ஏறுகிறதா வடிகிறதா என்பது தெளிவாகும்.

வஸ்பாடா என்ற சொல்லும் ஆளைக் குழப்பும். வானிலைத் துறையின் தொடர்மழை எச்சரிக்கை வஸ்பாடா, பூரோக் (மோசம்), பஹாயா என்று மூன்று படி. ஆற்றுமட்டத்தின் வஸ்பாடா வேறு. “வஸ்பாடா போட்டுட்டாங்க” என்று ஒருவர் அனுப்பினால் மழைக்கா ஆற்றுக்கா என்று திருப்பிக் கேளுங்கள். புகைமூட்டக் காலத்தில் சுற்றுச்சூழல் துறையின் காற்றுத் தரக் குறியீட்டுப் பக்கம் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது, 200-ஐத் தாண்டினால் மிகவும் ஆரோக்கியமற்றது, 300-க்கு மேல் ஆபத்து. மற்ற மாதங்களில் அது சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

சம்பள விவகாரத்தில் மூன்று இடங்களை ஒப்பிட வேண்டும்: செய்தித் தளம், ஆள்பலத் துறையின் தளம், தலைமைச் சட்டத்துறை அலுவலகத்தின் மலேசியச் சட்டங்கள் தளம். செய்தியில் தலைப்பு இருக்கும், விதிவிலக்கு இருக்காது. சட்டத் தளத்தில் எல்லாம் இருக்கும், ஆனால் வழி தெரியாமல் போனால் காட்டில் மாட்டிய கதைதான். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைத் திறந்து குறைந்தபட்ச சம்பளத்தைத் தேடினால் தொகை கிடைக்காது. அது தனியாக அரசிதழில் வெளியாகும் ஆணை. அதேபோல, வாரத்துக்கு 45 மணி நேரம், 98 நாள் பிரசவ விடுமுறை ஆகியவை 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் உள்ளவை. அதற்கு முன் அச்சான பழைய கோப்பு கையில் இருந்தால் 48 மணி என்றே இருக்கும். கோப்பின் முதல் பக்கத்தில் எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் சேர்ந்தன என்று இருக்கும், அதைப் பார்க்காமல் உள்ளே போகாதீர்கள்.

ஆகவே சாதாரண வீட்டுக்கு எங்கள் தேர்வு ஆள்பலத் துறையின் தளம். தொழிற்சங்கக் கிளையில் இருப்பவர்கள், ஊரில் மனு எழுதித் தருபவர்கள் சட்டத் தளத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போதுள்ள ஆணைப்படி மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருப்பவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 1 முதலும் நடப்பில் உள்ளது. வாரத்துக்கு ஆறு நாள் வேலைக்கு நாள் சம்பளம் 65.38 ரிங்கிட். டன் கணக்கு, துண்டு வேலை, பணிக் கணக்கு என்று சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கும் மாதச் சம்பளம் 1,700-க்குக் குறையக் கூடாது. மேலே சொன்ன ‘கிடையாதாம்’ இங்கே உதிர்ந்துபோகிறது. தோட்ட வீடுகளின் கூரை, தண்ணீர், கழிப்பறை பற்றிய புகார் என்றால் தேட வேண்டியது வேறு சட்டம்: 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். அதன் எண்ணைச் சொல்லித் தேடுவதே சுருக்கு வழி.

இனி அன்றாடச் செய்தி. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. அந்த இடம் எங்கள் தலைமுறைக்கு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இன்று தமிழில் படிக்க வழி குறைவில்லை: பெர்னாமாவின் தமிழ்ப் பக்கம், செல்லியல், வணக்கம் மலேசியா, மக்கள் ஓசை, மலேசியா இன்று. எல்லாவற்றையும் குறித்து வைத்தால் ஒரே அமைச்சரின் ஒரே அறிவிப்பை ஐந்து முறை படிப்போம். இரண்டு போதும், ஆனால் இரண்டும் இரண்டு விதமாக இருக்க வேண்டும்.

ஒன்று பெர்னாமா. 1968 முதல் இயங்கும் தேசியச் செய்தி நிறுவனம். யார், எங்கே, எப்போது சொன்னார் என்பது முதல் இரண்டு பத்தியில் வந்துவிடும். அரசாங்க அறிவிப்பு உண்மையா என்று பார்க்க இதுவே சுருக்கமான வழி. அரசாங்கத்தைக் குடையும் கேள்விகளை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். மற்றது நம் சமூகச் செய்திகளை எடுத்துப் போடும் தளம்: தமிழ்ப்பள்ளி, கோவில் நிலம், இந்தியர்களுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் மானியம் போன்றவை. எழுத்தாகப் படிக்க விரும்புகிறவருக்குச் செல்லியல் பொருந்தும்; காணொளியாகப் பார்க்க விரும்புகிறவருக்கு வணக்கம் மலேசியா. அரசாங்கத்தைக் குடையும் கேள்விகள் வேண்டும் என்றால் மலேசியாகினி இருக்கிறது, அதில் சந்தா கட்டித்தான் படிக்க வேண்டிய பகுதி உண்டு. ஊர்ச் செய்தி, அதாவது லிந்தாங் சாலையில் மரம் விழுந்தது போன்றவற்றுக்குத் தமிழ்த் தளங்கள் கைகொடுப்பது குறைவு. சினார் ஹரியானின் பேராக் பகுதியை மலாயில் படிப்பதே பலன் தரும். எந்தத் தளமானாலும் தலைப்புக்குக் கீழே உள்ள தேதியைப் பார்த்த பிறகே அடுத்தவருக்கு அனுப்புங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய உதவித்தொகைச் செய்தி இன்றும் புத்தம் புதிதாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

வதந்தியைச் சோதிக்கத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய செபெனார்ஞா தளம் உண்டு. அது மலாயில் இருப்பதால் வீட்டுப் பெரியவர்களுக்குப் பயன் குறைவு. அதே ஆணையம் 2025-இல் கொண்டுவந்த ஐஃபா உரையாடல் உதவியிடம் தமிழிலேயே கேட்கலாம். பெரியவர்களின் கைப்பேசிக்கு ஐஃபாவை வைப்போம். ஆனால் அது சொல்லும் பதிலோடு நிற்காமல், அது காட்டும் மூலத்தையும் திறந்து பார்க்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட சந்தேகத்துக்கு இரண்டுமே உதவாது. காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால் புகார் உண்டா என்று காட்டும். புகார் இல்லை என்று வந்தால் ஆள் நல்லவர் என்று பொருள் இல்லை. இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்று மட்டுமே பொருள். காசு போய்விட்டது என்றால் தளத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே 997-ஐ அழையுங்கள்.

சந்தையில் விற்கும் லேகியமும் மூட்டுவலி மாத்திரையும் இன்னொரு தொல்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: மால் என்ற மூன்று ரோமன் எழுத்து, எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. பாரம்பரிய மருந்துக்கு அந்தக் கடைசி எழுத்து டி (T). அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் குவெஸ்ட் தளத்தில் தட்டினால் மருந்தின் பெயரும் உரிமம் வைத்திருப்பவரும் வரும். எண் உண்மையாக இருந்து பெயர் வேறாக வந்தால் அது இன்னொரு மருந்தின் எண்ணைத் திருடி ஒட்டியது. இந்தத் தளத்தைத் தினமும் திறக்க மாட்டோம். ஆனாலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கான அகராதிக்கு வருவோம். மலாய்ச் சொல்லுக்குக் கூகல் மொழிபெயர்ப்பா, தேசிய மொழி நிறுவனமான டேவான் பகாசாவின் பிஆர்பிஎம் தளமா? பிஆர்பிஎம்தான். இந்தோனேசிய வழக்கும் நம் மலாயும் கலந்துபோகும் இடத்தில் மொழிபெயர்ப்புக் கருவி சறுக்கும். பெர்சுமா என்றால் நமக்கு இலவசம், அங்கே வீண். பிசா என்றால் நமக்கு விஷம், அங்கே முடியும். பிஆர்பிஎம் கமுஸ் டேவான் அகராதியின் பொருளைத் தருகிறது, பழமொழிகளையும் தேடலாம். முழு வாக்கியத்தை அது பெயர்த்துத் தராது. அலுவலகக் கடிதத்தின் சாரம் மட்டும் போதும் என்றால் கூகலில் போட்டுப் பார்த்துவிட்டு, முக்கியமான இரண்டு மூன்று சொற்களை பிஆர்பிஎம்மில் சரிபாருங்கள்.

தமிழுக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. ஆழமான அகராதி, ஆனால் வேர்ச்சொல்லைக் கொடுக்கத் தெரிய வேண்டும். ‘வெட்டினான்’ என்று தட்டினால் ஒன்றும் வராது, ‘வெட்டு’ என்று தட்ட வேண்டும். விக்சனரி பிள்ளைகளுக்கு எளிது, தரம் சொல்லுக்குச் சொல் மாறும். புதிய கலைச்சொற்களுக்குத் தமிழ்நாட்டின் சொற்குவை. அதில் கிடைப்பதை அப்படியே பள்ளிக் கட்டுரையில் எழுதினால் இங்கே சில சொற்கள் ஒட்டாது. அங்கே எண்ணெய்ப்பனை, இங்கே செம்பனை. எஸ்பிஎம் தேர்வில் தமிழ் எடுப்பவருக்கு லெக்சிகன், ஆரம்பப் பள்ளிக்கு விக்சனரி. பாடநூல் தொலைந்துபோனால் கல்வி அமைச்சின் டெலிமாவில் மின்னூல் இருக்கும், பள்ளி தந்த கணக்கைக் கொண்டு உள்ளே போகலாம்.

ஊர் வரலாற்றுப் பணித்திட்டத்துக்கு எல்லோரும் விக்கிப்பீடியாவில் நிற்கிறார்கள். அங்கே தொடங்குவதில் தவறில்லை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் மலாயாவின் பழைய நாளிதழ்களையே திறந்து படிக்கலாம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டின் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அந்த வாரத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நம் ஊரைப் பற்றி என்ன எழுதியது என்று ஒரு மாணவர் நேரே பார்க்கலாம். தேடும்போது அன்றைய எழுத்துக்கூட்டல் வேண்டும்: சுங்கை என்பதை ரோமன் எழுத்தில் இன்றுபோல் ஏஐ போட்டு எழுதினால் பழைய செய்திகள் நழுவிப்போகும், ஈஐ போட வேண்டும். தெலுக் இந்தானைத் தெலோக் ஆன்சன் என்று தேட வேண்டும். பின்வந்த ஆண்டுகளின் இதழ்கள் சில அந்த நூலகக் கணினியில் மட்டுமே திறக்கும். அது உங்கள் கைப்பேசியின் கோளாறு அல்ல.

குறித்து வைப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. குரோமில் மூன்று புள்ளியைத் தட்டி நட்சத்திரத்தைத் தொட்டால் வேலை முடிந்தது, ஆனால் எந்தப் பக்கத்தில் நின்று தொடுகிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. அரசாங்கத் தளங்களின் உட்பக்கங்கள் அடிக்கடி இடம் மாறும், ஆறு மாதம் கழித்துத் தட்டினால் பக்கம் காணவில்லை என்று வரும். முகப்பைக் குறித்துவிட்டு, பெயரைத் திருத்தி வழியையும் அதிலேயே எழுதிவிடுங்கள்: ‘எம்பிஓபி – விலை – குலை – வட்டாரம்’. வீட்டில் யார் திறந்தாலும் வழி தெரியும். சட்டக் கோப்புகளை இணைப்பாக வைக்காமல் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, பெயரில் இறக்கிய மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து. கூகல் கணக்கில் நுழையாமல் குறித்தவை கைப்பேசி உடைந்தால் அதோடு போய்விடும்.

ஊழியர் சேமநிதி, வருமான வரி, வங்கி ஆகியவற்றை உள்ளே நுழைந்த பிறகு குறிக்காதீர்கள். அந்த முகவரி அந்த ஒரு நேரத்துக்கானது, மறுநாள் காலாவதி என்றே காட்டும். நுழைவதற்கு முந்தைய முகப்பை, முகவரியை நீங்களே தட்டிப் போய், அமைச்சுகளும் துறைகளும் என்றால் முடிவில் ஜிஓவி, அடுத்து எம்ஒய் என்ற எழுத்துகள் ரோமனில் இருக்கின்றனவா என்று பார்த்து, அதன் பிறகு நட்சத்திரத்தைத் தொடுங்கள். புலனத்தில் வந்த இணைப்பைத் தட்டிப் போன பக்கத்தில் நின்றுகொண்டு ஒருபோதும் குறிக்க வேண்டாம். போலித் தளம் என்றால் அடுத்த முறை ஏமாற்றுக்காரர் இணைப்பு அனுப்பக்கூட வேண்டியதில்லை, நாமே நம் நட்சத்திரத்தைத் தட்டி அங்கே போய் நிற்போம்.